வெட்டவெளிச் சாலையில் விரைந்து ஓட்டும்போது மனம் ஏன் அடங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக நெடுந்தொலைவு கார் ஓட்டி வருகிறேன். புதிதாக ஓட்டக் கற்றவர்களின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவர்களை நெடுஞ்சாலைக்குப் பழக்கியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நல்ல வேகம் என்று நான் சொல்லும் இடங்களில் எல்லாம் அதற்கு ஒரே பொருள்தான்: சாலையின் சட்ட வரம்புக்கு உட்பட்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்திவிட முடிகிற வேகம். அதைத் தாண்டிய வேகத்தைப் பற்றிய கேள்விகளுக்கும் விடை உண்டு.

விரைந்து ஓட்டுவதும் மன அமைதியும் ஒன்றுக்கொன்று முரண் அல்லவா?

சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்கு முரண்தான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கடந்து போகும் கார் அவருக்கு ஓர் இரைச்சலும் முகத்தில் அறையும் காற்றும் மட்டுமே. உள்ளே அமர்ந்திருப்பவரின் அனுபவம் வேறு. நம் உட்செவியில் உள்ள சமநிலை உறுப்புகள், வேகம் கூடுவதையும் குறைவதையும் திசை திரும்புவதையும்தான் உணர்கின்றன. ஒரே சீராக நீடிக்கும் வேகத்தை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அவை உணர்வதில்லை. நேரான சாலையில், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் அழுத்திச் செல்லும் ஓட்டுநரின் உடலுக்கு, தான் அசையாமல் உட்கார்ந்திருப்பதாகவே செவி சொல்லிக்கொண்டிருக்கும்.

கண் சொல்வது இன்னொன்று. காட்சி முழுவதும் தொலைவில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து பிறந்து, விரிந்து, இருபுறமும் வழிந்தோடுகிறது. காட்சியின் இந்த ஓட்டத்தை உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1950ஆம் ஆண்டிலேயே விரிவாக விளக்கியிருக்கிறார். நாம் எதை நோக்கிச் செல்கிறோமோ அந்தப் புள்ளி மட்டும் நகர்வதில்லை; மற்றவை எல்லாம் நகர்கின்றன. உடல் அசைவற்று இருக்க, ஓடும் காட்சியின் நடுவில் ஓடாத ஒரு புள்ளியில் பார்வை தங்கியிருப்பதைத்தான் நாம் அமைதி என்று உணர்கிறோம் என்பது என் எண்ணம்.

விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஐந்தாவது கியரில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில், எஞ்சின் அடிக்குரலில் முனகிக்கொண்டிருக்கிறது. சொரசொரப்பான பழைய தார் முடிந்து புதிய தார் தொடங்கும் இடத்தில் டயரின் இரைச்சல் சட்டென்று அடங்கிவிட, கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் காற்று உரசும் ஒலி மட்டும் மிஞ்சுகிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் விரல்கள் தாமாகவே தளர்கின்றன. காலையிலிருந்து மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு எப்போது நினைவை விட்டுப் போனது என்று தெரியாது. இதை ஒருமுறை அனுபவித்தவர்களுக்கு, முரண் என்ற சொல்லே எழாது.

இந்த நிலைக்கு உளவியலில் விளக்கம் உண்டா?

உண்டு. மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களில் மலையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், நடனமாடுவோர், அறுவை மருத்துவர்கள் எனப் பலதரப்பட்டவர்களிடம் பேசி, செய்யும் செயலில் தன்னை மறந்து தோய்ந்துவிடும் நிலைக்கு நீரோட்டத்தைப் போன்ற 'ஓட்டம்' (flow) என்ற பொருள் தரும் பெயரை இட்டார். செயல் கேட்கும் திறமையும் நம்மிடம் உள்ள திறமையும் ஈடாக இருக்க வேண்டும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இருக்கக் கூடாது. செய்தது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். இவை கூடும்போது, தன்னைப் பற்றிய கவலை ஒதுங்கி, நேரம் போவது தெரியாமல் போகிறது.

வெட்டவெளிச் சாலை இவை மூன்றையும் ஒருசேரத் தருகிறது. நெரிசலான தெருவில் கேள்விகள் ஒரே சமயத்தில் பத்துத் திசையிலிருந்து வந்து விழும். அங்கே மனம் களைத்துப் போகும். வெறும் சாலையில் 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் கேள்வியே எழாது. மனம் பழைய கவலைக்குத் திரும்பிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. அதில் சாலை ஒரு கேள்வி கேட்கும், கை விடை சொல்லும், அடுத்த கேள்வி வரும்.

அப்படியானால் வேகம் கூடக் கூட அமைதியும் மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்புவதே இந்த ஒன்றைத்தான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமைதியைத் தருவது வேகமானியில் தெரியும் எண் அல்ல. முன்னால் எவ்வளவு தூரம் தெரிகிறது, வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்ற இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் அதைத் தருகிறது. மணிக்கு 100 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கால் பிரேக்கை எட்டுவதற்கு ஒன்றரை வினாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள் 42 மீட்டர் கடந்திருப்பீர்கள். உலர்ந்த சாலையில், நல்ல டயர்களோடு அழுத்திப் பிரேக் பிடித்தாலும் நிற்பதற்கு இன்னும் 55 மீட்டர் வேண்டும். ஆக, 97 மீட்டர். இதே கணக்கில் 60 கி.மீ. வேகத்துக்கு 45 மீட்டர் போதும். 120க்கு 129 மீட்டர், 140க்கு 166 மீட்டர் வேண்டும். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் இருமடியாக வளர்வதால்தான் இப்படி ஆகிறது. மோதும் ஆற்றலும் அவ்வாறே வளர்கிறது, 140 கி.மீ. வேகத்தில் செல்லும் கார், 100 கி.மீ. வேகத்தில் செல்லும்போது இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமந்து செல்கிறது.

முன்னால் அரை கிலோமீட்டர் தெளிவாகத் தெரியும் சமவெளியில் 100 கி.மீ. வேகம் மனத்துக்கு இதமாக இருப்பதும், 80 மீட்டருக்கு அப்பால் சாலை மறைந்துவிடும் மேட்டில் அதே 100 கி.மீ. வயிற்றைப் பிசைவதும் இதனால்தான். கணக்குப் போடாமலே உடல் இதை அறிந்திருக்கிறது. அந்தப் பிசைவை அடக்கப் பழகுவதைத் துணிச்சல் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஒருநாள் நண்பகலில், எனக்கு நன்றாகப் பழகிய சாலையில், ஒரு மேட்டின் மேல் வேகத்தைக் குறைக்காமல் ஏறினேன். மேட்டின் மறுபுறம், என் தடத்திலேயே, பின்சக்கரத்தைக் கழற்றிய நிலையில் ஒரு லாரி நின்றிருந்தது. ஜாக்கி முட்டுக் கொடுத்திருந்த இடத்தில் ஒருவர் குந்தியிருந்தார். எதிர்த்தடம் காலியாக இருந்தது. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்த முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அவர் கையிலிருந்த நட்டு தரையில் விழுந்து உருண்டதுகூடத் தெரிந்தது. அன்றைய வேகம் சட்ட வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் என் பார்வை எட்டிய தூரத்துக்கு அது அதிகம். அதன் பிறகு, மேட்டுக்கும் குருட்டு வளைவுக்கும் முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது எனக்கு மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. ஓட்டுவதில் கிடைத்த மகிழ்ச்சி அதனால் சிறிதும் குறையவில்லை. அடிவயிற்றில் ஓயாமல் இருந்த இறுக்கம் நீங்கியதால் கூடியது என்றே சொல்வேன்.

தன்னை மறந்து ஓட்டுவதில் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மொனாக்கோ ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் தகுதிச் சுற்றில், பந்தய ஓட்டுநர் அயர்டன் சென்னா தன் அணியைச் சேர்ந்த அலென் புரோஸ்ட்டைவிட 1.4 வினாடிக்கும் மேல் விரைவாகச் சுற்றி முடித்தார். ஒரே வகைக் காரில், அவ்வளவு சிறிய தடத்தில், அது மலைக்கத்தக்க வேறுபாடு. அப்போது, தான் நினைவோடு ஓட்டவில்லை என்றும், ஒரு சுரங்கத்துக்குள் செல்வதைப் போல இருந்தது என்றும், திடீரெனத் தன்னிலை உணர்ந்து அஞ்சி, வேகத்தைக் குறைத்துத் திரும்பிவிட்டதாகவும் அவர் பின்னர் கூறினார். உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களில் ஒருவர், அந்த நிலையை அடைந்தவுடன் அதற்கு அஞ்சித் திரும்பினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். மறுநாள் பந்தயத்தில் ஏறத்தாழ 50 வினாடி முன்னிலையில் இருந்தபோது, வேகத்தைத் தளர்த்திக்கொண்ட பிறகு, தடுப்பில் மோதி வெளியேறினார். அமைதி கவனமின்மையாக நழுவுவதற்கு ஒரு நொடி போதும்.

நான் அமைதியாக இருக்கிறேனா, அரைத்தூக்கத்தில் இருக்கிறேனா என்பதை எப்படி அறிவது?

கடைசியாக எந்த வண்டி உங்களைக் கடந்தது, அதன் நிறம் என்ன, கடைசி அறிவிப்புப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை உடனே வந்தால் நீங்கள் விழிப்போடு இருக்கிறீர்கள். கடந்த பத்து கிலோமீட்டரில் எதுவுமே நினைவில் இல்லை என்றால், அது நெடுஞ்சாலை மயக்கம். ஒரே மாதிரியான சாலையும் ஒரே மாதிரியான ஒலியும் மூளையைத் தாலாட்டிவிட்டன என்று பொருள். மூன்று வினாடி கண்ணயர்ந்தால், 100 கி.மீ. வேகத்தில் 83 மீட்டர் தூரம் ஓட்டுநரே இல்லாமல் வண்டி ஓடியிருக்கும்.

கண்ணாடியை இறக்குவதும் பாட்டின் ஒலியைக் கூட்டுவதும் தூக்கத்தை விரட்டுவதில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடம் தூங்குவதுதான் உதவும். தூக்கம் வராவிட்டாலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது நல்லது.

வேக வரம்பே இல்லாத சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு இந்த மகிழ்ச்சி அதிகமாகக் கிடைக்குமா?

ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச்சாலைகளின் பல பகுதிகளில் பொதுவான வேக வரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் 1978 முதல் அங்கே 130 கி.மீ. என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகமாக இருக்கிறது. அதைத் தாண்டி ஓட்டி விபத்தில் சிக்கினால், தவறு பிறருடையதாக இருந்தாலும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழக்கூடும். அந்தச் சாலைகளின் சிறப்பாக நான் கருதுவது தட ஒழுங்கைத்தான். அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுவதால், முந்தி முடித்தவர் உடனே வலப்புறத் தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். வலப்புறமாக முந்துவது பொதுவாகக் குற்றம். அடுத்தவர் என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் அங்கே வேகத்திலும் மனம் பதறுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதியில், ஊர்களுக்கு வெளியே உள்ள நெடுஞ்சாலைகளில் 2006ஆம் ஆண்டின் இறுதிவரை வரம்பு இல்லாமல் இருந்தது; 2007 தொடக்கத்தில் 130 கி.மீ. என்று வரையறுத்தார்கள். மனித நடமாட்டமே அரிதான சாலைகளுக்குக்கூட வரம்பு தேவைப்பட்டது.

வரம்பு 80 கி.மீ. மட்டுமே உள்ள சாலையில் இந்த இன்பம் கிடைக்குமா?

வளைந்து செல்லும் சாலையாக இருந்தால், நேர்ச்சாலையில் கிடைப்பதைவிட நிறைவாகவே கிடைக்கும். வேகத்தின் உணர்வு மாற்றத்தில்தான் இருக்கிறது என்று மேலே சொன்னேன். வளைவு ஒவ்வொன்றும் ஒரு மாற்றம்.

அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். வளைவில் செல்லும் ஓட்டுநர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்பதை மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற இரு ஆய்வாளர்கள் கண்ணசைவைப் பதிவு செய்து ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். வளைவின் உட்புற விளிம்பு எந்த இடத்தில் பிதுங்கி நின்று, அதற்கு அப்பால் மறைகிறதோ, அந்தப் புள்ளியையே ஓட்டுநர்களின் கண் நாடுகிறது. அதுவும், ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு ஒன்றிரண்டு வினாடிகள் முன்பாகவே. புதிதாக ஓட்டுபவர்கள் பானட்டுக்கு முன்னால் உள்ள பத்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஸ்டியரிங்கை வெட்டி வெட்டித் திருப்புவார்கள். பார்வையைத் தொலைவுக்கு நகர்த்தச் சொன்னால் போதும், இரண்டாவது வளைவிலேயே கை சீராகிவிடும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து நான் கண்ட மாற்றங்களில் இதைப் போல மனம் குளிர வைப்பது வேறில்லை.

வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துவிடுங்கள். பிரேக்கை விடும்போதும் மெல்ல விடுங்கள். சரியாகச் செய்தால், பக்கத்தில் இருப்பவரின் தலை முன்னும் பின்னும் ஆடாது. 1969, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற ஜாக்கி ஸ்டூவர்ட்டின் புகழே இத்தகைய வழவழப்பான ஓட்டத்துக்காகத்தான். 1966இல் பெல்ஜியப் பந்தயத்தில், எரிபொருளில் நனைந்தபடி நொறுங்கிய காருக்குள் சிக்கிக் கிடந்து மீண்ட பிறகு, பந்தயங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடியவரும் அவரே.

கோபமோ துக்கமோ மனத்தை அழுத்தும்போது, ஓட்டி ஆற்றிக்கொள்ளலாமா?

கூடாது. கோபத்தோடு ஏறினால், முந்த விடாத ஒவ்வொரு வண்டியும் பகையாகத் தெரியும். கண்ணீரோடு ஏறினால், பார்வை எட்டும் தூரமே சுருங்கிவிடும். முதலில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். அப்போதும் ஓட்ட வேண்டும் என்று தோன்றினால் ஓட்டலாம். சாலை தரும் அமைதி, ஓரளவாவது அடங்கிய மனத்தோடு வருபவருக்குத்தான் கிடைக்கிறது என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பாட்டு கேட்டுக்கொண்டே ஓட்டலாமா?

கேட்கலாம். நான் கேட்பதில்லை. டயரும் எஞ்சினும் காற்றும் சொல்லும் செய்திகள் எனக்கு வேண்டும்.

எனக்கு இன்பமாக இருக்கும் வேகம் உடன் வருபவருக்கு அச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

அவருக்கு ஏற்ற வேகத்தில் ஓட்டுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. அடுத்த கணம் வண்டி என்ன செய்யப் போகிறது என்பது ஓட்டுபவரின் உடலுக்கு முன்பே தெரியும். பக்கத்தில் இருப்பவருக்கு நடந்த பிறகுதான் தெரியும். வளைவுகளில் ஓட்டுநருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் அரிதாகவே வருவதற்கும், பின்னிருக்கையில் இருப்பவருக்கு எளிதில் வருவதற்கும் இதுதான் காரணம். அவருடைய வலது கால் தரையை அழுத்துவதைக் கண்டால், இல்லாத பிரேக்கை அவர் மிதிக்கிறார் என்று பொருள்.

வண்டியை எப்படித் தயார் செய்துகொள்ள வேண்டும்?

டயரில் தொடங்குங்கள். சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கக்கூடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அளவைக் குறிக்கும் வரிசையின் கடைசியில் உள்ள எழுத்து, அந்த டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும்: 'டி' (T) என்றால் 190 கி.மீ., 'ஹெச்' (H) என்றால் 210. பல நாடுகளில் டயரின் மேல் ஓடும் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. இருந்தால் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்காமல் இருக்க அது போதாது. நான் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுகிறேன்.

இருக்கையைப் பொறுத்தவரை, முதுகு சாய்ந்திருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். சீட் பெல்ட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இரவில்?

தாழ்ந்த ஒளியில் (லோ பீம்) ஹெட்லைட் காட்டுவது ஏறத்தாழ 60 மீட்டர். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால், 70 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போதே நீங்கள் காணாத இருளுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். விரைந்து ஓட்ட உகந்த பொழுது அதிகாலை வெளிச்சம்தான்.

பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே விளக்கை அடிக்கிறார். என் அமைதி கெடுகிறதே?

வழி விடுங்கள். அவர் கண்ணுக்கு மறைந்ததும் சாலை மறுபடி உங்களுடையது.

சட்ட வரம்பைத் தாண்டி ஓட்ட வேண்டும் என்ற ஆசை அடங்கவில்லை. அது அவ்வளவு தவறா?

ஆசை தவறல்ல, அதைப் பொதுச் சாலையில் தீர்த்துக்கொள்வது தவறு. சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி வாங்கும் விபத்தின் வாய்ப்பு 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் உலகெங்கும் சாலைகளில் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நடந்து செல்பவர்கள், மிதிவண்டியிலும் இருசக்கர வண்டியிலும் செல்பவர்கள். உங்கள் இன்பத்துக்கான விலையை, அதில் பங்கே இல்லாத ஒருவர் செலுத்துகிறார். லாரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தவரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அதற்கென்று ஓடுதடங்கள் இருக்கின்றன. பல ஓடுதடங்களில் சொந்தக் காரிலேயே, பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டும் நாள்கள் உண்டு. எதிரே வண்டி வராது. குறுக்கே யாரும் நடக்க மாட்டார்கள். வழி தவறினால் ஒதுங்க இடம் இருக்கும். ஒரு நாள் முழுக்க அங்கே ஓட்டித் திரும்பியவர்கள் பொதுச் சாலையில் முன்னைவிட நிதானமாக ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் திறமையின் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அன்றுதான் அவர்கள் நேரில் காண்கிறார்கள்.

நெடுஞ்சாலை முடிந்து ஊருக்குள் நுழையும்போது எல்லாம் ஆமை வேகத்தில் நடப்பதாகத் தோன்றுவது ஏன்?

நீண்ட நேரம் வேகமாக ஓடிய காட்சிக்குக் கண்ணும் மூளையும் பழகிவிடுகின்றன. அதனால் 60 கி.மீ. வேகம் 40 போலத் தெரியும். பலர் தம்மையறியாமல் விரைவாகவே ஊருக்குள் நுழைந்துவிடுவார்கள். விரைவுச்சாலையிலிருந்து இறங்கியதும் அடுத்த பத்து நிமிடத்துக்கு உங்கள் உணர்வை நம்பாமல் வேகமானியை மட்டும் நம்புங்கள். இயன்றால் இறங்கிய இடத்திலேயே ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, சற்று நேரம் வெளியே நில்லுங்கள். சூடேறிய உலோகம் குளிரும்போது பானட்டுக்கு அடியிலிருந்து டிக், டிக் என்று ஓசை வரும். அது இடைவெளி விட்டு அடங்கும் நேரத்துக்குள், சாலையோர மரங்கள் அசையாமல் நிற்பது உங்கள் கண்ணுக்கு மறுபடி இயல்பாகிவிடும்.